மட்டக்களப்புப் புகையிரதப் பாதையும் அதன் சிறு தரிப்பிடங்களும்

மட்டக்களப்பு நாட்டின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் கோயில்களையும் குடிமரபுகளையும் வாவியையும் வயலையும் விரிவாக எழுதினர். எஸ். ஓ. கனகரத்தினம் அவர்கள் 1921ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்ட மாவட்ட வரலாற்று நூலும், பண்டிதர் வீ. சீ. கந்தையா அவர்களின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ என்னும் 1964ஆம் ஆண்டு நூலும் நமக்குக் கிடைத்த பெருஞ் செல்வங்கள். ஆயினும் நம் மக்களின் வாழ்வை ஓசையின்றி மாற்றியமைத்த ஒன்றினைப் பற்றி நாம் அதிகம் எழுதியதில்லை. அதுவே இருப்புப்பாதை. அதிலும் அதிபரும் மணியும் கைகாட்டியும் இல்லாத சிறு தரிப்பிடங்களைப் பற்றி எழுதுவோர் அரியர்.

உன்னிச்சையிலே புகையிரத நிலையம் இல்லையே, இந்த மலரில் இக்கட்டுரைக்கு என்ன இடம் என்று வாசகர் சிலர் கேட்கலாம். நிலையம் இல்லாத ஊருக்கே நிலையத்தின் அருமை நன்கு தெரியும் என்பதே அதற்கு விடை. உன்னிச்சைக் குளத்து நீரில் விளைந்த நெல்லும், இங்கிருந்து கொழும்புக்கும் பேராதனைக்கும் சென்ற பிள்ளைகளும், ஒரு நாள் தாமதித்து வந்த கடிதங்களும் அந்தப் பாதையோடு தொடர்புடையவை. ஆதலின் அதன் கதை நம் கதையுமாகும்.

பாதை வருமுன்

புகையிரதம் வருவதற்கு முன் மட்டக்களப்பு ஏறக்குறைய ஒரு தீவுக்குள் இன்னொரு தீவாகவே இருந்தது. வெளியுலகோடு தொடர்புகொள்ள இருந்த வழிகள் மூன்று. ஒன்று கடல். இலங்கையைச் சுற்றிவரும் நீராவிக் கப்பல்கள் இக்கரைக்கும் வந்து போயின. ஆனால் வாவியின் முகத்துவாரத்தில் மணல்மேடு விழுவதும், வாடைக் காலத்தில் கடல் கொந்தளிப்பதும் அவ்வழியை அடிக்கடி அடைத்துவிடும். பாலமீன்மடுவிலே 1913ஆம் ஆண்டில் எழுந்த வெளிச்சவீடு அக்காலக் கடல் வழியின் சாட்சியாக நிற்கின்றது. இரண்டாவது வழி செங்கலடியிலிருந்து கரடியனாறு, புல்லுமலை ஊடாக வதுளைக்கு ஏறும் தெரு. மாட்டு வண்டிகள் நாட்கணக்கில் காடும் மலையும் கடந்து சென்ற தெரு அது. மூன்றாவது, வாவியிலே ஓடிய தோணிகள். இவை எழுவான்கரையையும் படுவான்கரையையும் இணைத்தனவேயன்றி மாவட்டத்துக்கு வெளியே கொண்டுசெல்லவில்லை.

இலங்கையின் முதற் புகையிரதம் 1864ஆம் ஆண்டு டிசெம்பர் 27ஆந் தேதி கொழும்பிலிருந்து அம்பேபுசைக்கு ஓடியது. 1867ஆம் ஆண்டில் பாதை கண்டியை அடைந்தது. காங்கேசன்துறைக்கு 1905ஆம் ஆண்டிலும், தலைமன்னாருக்கு 1914ஆம் ஆண்டிலும் வண்டி வந்தது. மட்டக்களப்போ 1928ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கண்டிக்கு வந்து அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகிய பின்னரே இங்கு வந்தது.

இதற்குக் காரணம் தெளிவானது. அன்றைய ஆட்சியாளர் கோப்பியும் பின்னர் தேயிலையும் விளைந்த மலைகளை நோக்கியே முதலில் பாதை இட்டனர். ஏற்றுமதிப் பண்டம் இருந்த இடத்துக்குத் தண்டவாளம் சென்றது. நெல் விளையும் நாடு தன் வயிற்றையும் அயல் வயிற்றையும் நிரப்பியதேயன்றி அரசின் பேரேட்டில் பெரிய வருமானமாகத் தோன்றவில்லை. பாதைகள் எங்கே போகின்றன என்று பார்த்தால் ஓர் ஆட்சி எதனை மதித்தது என்பது விளங்கிவிடும்.

காட்டினூடே ஒரு பாதை

வடபாதையிலுள்ள மாகோச் சந்தியிலிருந்து கிழக்கே பிரிந்த பாதை கெக்கிராவை, ஹபரணை வழியாகக் கல்லோயாச் சந்தியை அடைந்து இரண்டாகப் பிரிந்தது. ஒரு கிளை 1927ஆம் ஆண்டில் திருக்கோணமலைக்கும், மற்றது 1928ஆம் ஆண்டில் மட்டக்களப்புக்கும் திறக்கப்பட்டன. இவ்விடத்தில் இளைஞர் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். கல்லோயாச் சந்தி வேறு, அம்பாறைப் பக்கத்தில் 1949ஆம் ஆண்டில் தொடங்கிய கல்லோயாத் திட்டம் வேறு. பெயரொற்றுமையால் இரண்டையும் ஒன்றாகக் கொண்டு மயங்குவோர் உளர்.

கல்லோயாவிலிருந்து மின்னேரியா, ஹிங்குராங்கொடை, பொலனறுவை, மன்னம்பிட்டி, வெலிக்கந்தை, புனானை என்று பாதை வருகின்றது. மன்னம்பிட்டியிலே மகாவலி கங்கையைக் கடக்கப் பெரிய இரும்புப் பாலம் கட்டப்பட்டது. அப்பாலத்தின் விசேடம் யாதெனில், புகையிரதமும் தெரு வண்டிகளும் ஒரே பாலத்தினூடாகவே சென்றமைதான். வண்டி வரும்போது தெருவை அடைப்பர். வண்டி போன பின் பேருந்தும் லொறியும் தண்டவாளத்தின் மேலேயே செல்லும். 2007ஆம் ஆண்டில் தெருவுக்கென வேறு பாலம் திறக்கப்படும்வரை இவ்வழக்கம் நீடித்தது. ஓட்டமாவடியிலும் இத்தகைய இரட்டைப் பயன் பாலமே இருந்தது. அங்கு 2010ஆம் ஆண்டில் புதிய தெருப்பாலம் வந்தது. இவ்விரு பாலங்களிலும் அடைப்பு முன் காத்துநின்ற அனுபவம் நம் பெரியோர் பலருக்கு உண்டு.

பாதை திறந்தமையால் நன்மை மட்டக்களப்புக்கு மட்டும் வந்ததன்று. மலேரியா நோய்க்கு அஞ்சி மக்கள் ஒதுங்கியிருந்த மின்னேரியா, பொலனறுவைப் பிரதேசங்களில் 1930களில் குளங்கள் திருத்தப்பட்டுக் குடியேற்றங்கள் எழுந்தன. மட்டக்களப்பு நோக்கி இட்ட பாதை வழியிலிருந்த காட்டை நாடாக்குவதற்கும் துணைசெய்தது.

பெரிய நிலையமும் சிறு தரிப்பிடமும்

புனானையைக் கடந்ததும் நம் பழகிய பெயர்கள் வரிசையாக வரும். வாழைச்சேனை, கல்குடா, தேவபுரம், வந்தாறுமூலை, ஏறாவூர், ஈற்றில் மட்டக்களப்பு. இவற்றுள் வாழைச்சேனை, ஏறாவூர் போன்றவை பெருநிலையங்கள். தேவபுரம், வந்தாறுமூலை போன்றவை சிறியவை. இவ்வேற்றுமை கட்டடத்தின் அளவில் மட்டும் உள்ளதன்று. அது வேலை முறையைச் சார்ந்தது.

நம் பாதை ஒற்றைப் பாதை. எதிரெதிரே வரும் இரு வண்டிகள் மோதாதிருக்க வேண்டுமாயின், ஒரு பகுதிக்குள் ஒரு நேரத்தில் ஒரு வண்டியே நுழையவேண்டும். அதற்காக ஏற்பட்டதே ‘ரப்லட்’ முறை. ரப்லட் என்பது உலோக வில்லை. தோற்பையில் இட்டுப் பெரிய வளையத்தோடு இணைத்திருப்பர். அதனைக் கையில் பெறாமல் சாரதி அடுத்த பகுதிக்குள் வண்டியைச் செலுத்தலாகாது. இரு நிலையங்களிலும் உள்ள பெட்டிகள் மின்கம்பியால் இணைக்கப்பட்டிருத்தலின், ஒரு வில்லை வெளியே இருக்கும்வரை இன்னொன்றை எடுக்கவே முடியாது. நிலையத்தில் நில்லாமற் செல்லும் வண்டியின் சாரதி ஒரு வளையத்தைக் கொடுத்து மற்றதைக் கையால் ஏந்திச் செல்லும் காட்சியைக் கண்டு நின்ற சிறுவர் எத்தனையோ பேர்.

இவ்வேலைக்கு அதிபர் வேண்டும், கைகாட்டி வேண்டும், வண்டிகள் விலகிச் செல்ல இரண்டாந் தண்டவாளம் வேண்டும். ஆளில்லாத் தரிப்பிடத்திலோ இவை ஒன்றும் இல்லை. மேடை ஒன்று, பெயர்ப்பலகை ஒன்று, வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க ஒரு கூரை, இவ்வளவே. நேர அட்டவணையில் நிற்கும்படி குறித்திருந்தால் வண்டி நிற்கும். இல்லையேல் தூசியைக் கிளப்பிக்கொண்டு போய்விடும்.

தரிப்பிடம் என்னும் ஏற்பாட்டுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. இங்கிலாந்திலே 1903ஆம் ஆண்டில் கிரேட் வெஸ்ரேன் புகையிரதக் கம்பெனி ஸ்ட்ரவுட் பள்ளத்தாக்கில், ஒற்றைப் பெட்டியோடு கூடிய சிறு நீராவி வண்டிகளை ஓட்டி, ஊழியரில்லாச் சிறு மேடைகள் பலவற்றில் நிறுத்தியது. தெருவிலே டிராம் வண்டிகளும் மோட்டார் வண்டிகளும் பிரயாணிகளைக் கவர்ந்துவிடும் என்ற அச்சமே அதற்குத் தூண்டுகோல். நிலையம் கட்டி ஊழியரை அமர்த்தும் செலவின்றி மக்களின் வாயிலுக்கே வண்டியைக் கொண்டுபோகும் உபாயம் அது. பின்னர் இந்தியாவிலும் இம்முறை பரவியது. அங்கே பல தரிப்பிடங்களில் அரச ஊழியர் இல்லை. ஊரவர் ஒருவர் முகவராக இருந்து சீட்டு விற்று, விற்பனையில் ஒரு பங்கைக் கூலியாகப் பெறுவார்.

சிறு தரிப்பிடத்துக்கு எதிராகச் சொல்லப்படும் வாதத்தையும் நாம் நேர்மையாக நோக்கவேண்டும். ஒரு வண்டி ஒரு நிமிடம் நிற்பதற்காக வேகத்தைக் குறைத்து, நின்று, மீண்டும் வேகம் பெறுவதற்குள் சில நிமிடங்கள் கழிந்துவிடும். நானூறு பேர் இருக்கும் வண்டியை நான்கு பேருக்காக நிறுத்துவது தகுமா என்று கணக்கர் கேட்பர். இக்கேள்வி மூடத்தனமானதன்று. ஆனால் அக்கணக்கில் ஒரு பிழை உண்டு. நானூறு பேரும் எங்கோ ஓரிடத்தில் ஏறியவர்கள். எல்லாத் தரிப்பிடங்களையும் இவ்வாறே வெட்டிவிட்டால் வண்டி விரைவாக ஓடும். ஏறுவதற்குத்தான் ஆள் குறையும். சிற்றாறுகள் வற்றினால் பேராறும் மெலியும். இதனை உழவர்க்கு எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை.

ஜப்பானின் ஹொக்கைடோத் தீவிலுள்ள கியூ-ஷிரத்தாக்கி என்னும் ஆளில்லா நிலையம் இதற்குத் தக்க உதாரணம். உயர்நிலைப் பள்ளி மாணவி ஒருத்தி நாடோறும் பயன்படுத்திவந்த அந்நிலையம், அவள் படிப்பு முடிந்த 2016ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மூடப்பட்டது. அவள் ஒருத்திக்காகவே வண்டி ஓடியதென உலகெங்கும் பரவிய செய்தி மிகைப்பட்டதே. ஆயினும் அச்செய்தியைக் கேட்டுக் கோடானுகோடி மக்கள் உள்ளம் நெகிழ்ந்தமை பொய்யன்று. சிறியோர் ஒருவருக்காகப் பெரியதொன்று சற்று நிற்கவேண்டும் என்னும் எண்ணம் எல்லா நாட்டவர் நெஞ்சிலும் இருக்கின்றது.

உதயதேவியின் காலம்

1950கள் இலங்கைப் புகையிரத சேவையின் பொற்காலம் எனலாம். கொழும்புத் திட்ட உதவியாகக் கனடா வழங்கிய டீசல் இயந்திரங்கள் 1954ஆம் ஆண்டு முதல் வந்து சேர்ந்தன. கனடாவின் மாகாணங்களுடைய பெயர்களை அவை தாங்கியிருந்தன. 1955ஆம் ஆண்டில் பொது முகாமையாளரான பி. டி. ரம்பால அவர்கள் நெடுந்தூர வண்டிகளுக்குப் பெயர்சூட்டி மக்கள் மனத்தில் நிலைபெறச் செய்தார். வடக்கே 1956ஆம் ஆண்டில் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. நமக்கு வாய்த்தது உதயதேவி. சூரியன் உதிக்கும் திசைக்கு ஓடும் வண்டிக்கு அதனினும் பொருத்தமான பெயர் ஏது? இரவிலே தபால் வண்டியும் ஓடியது. ஊரிலே முதியோர் இவற்றையெல்லாம் ‘கோச்சி’ என்ற ஒரே சொல்லால் அழைத்தனர்.

கொழும்புக் கோட்டையிலிருந்து மட்டக்களப்பு ஏறத்தாழ 350 கிலோமீற்றர் தூரம். மாட்டு வண்டியில் பல நாட்களான தொலைவு ஒரு பகலாகவோ ஓரிரவாகவோ சுருங்கிவிட்டது. கொழும்புப் பத்திரிகையும் கடிதமும் வண்டியில் வந்தன. வாழைச்சேனையிலே 1950களின் நடுப்பகுதியில் எழுந்த கடதாசி ஆலை வைக்கோலையும் மூலப்பொருளாகக் கொண்டது. உழவன் எரித்துவந்த வைக்கோலுக்கும் ஒரு விலை பிறந்தது. 1952ஆம் ஆண்டில் பல்கலைக்கழகம் பேராதனைக்கு இடம்பெயர்ந்தபின், அங்கே சேர்ந்த நம் பிள்ளைகள் தகரப் பெட்டியும் பாய்ச்சுருளுமாக வண்டியேறினர்.

சைவ மக்களுக்கும் இவ்வண்டி உற்ற துணையாயிற்று. மட்டக்களப்பு நிலையத்துக்கு அணித்தே அமிர்தகழியில் மாமாங்கேஸ்வரர் ஆலயம் உள்ளது. ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு வெளியூர்களில் உத்தியோகம் பார்த்த நம்மவர் குடும்பத்தோடு வந்திறங்கினர். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் தேருக்கு வருவோர் மட்டக்களப்பில் இறங்கி வாவியைக் கடந்தனர். புலம்பெயர்ந்தவனைத் தன் கோயிலிலிருந்து பிரியாமற் காத்தது அந்தச் சிறு அட்டைச் சீட்டு.

வீழ்ச்சியும் மீட்சியும்

1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் தேதி வீசிய சூறாவளி மட்டக்களப்பை நிலைகுலையச் செய்தது. அதன் காயம் ஆறுமுன் போர் வந்தது. பாதை சிதைந்தது, சேவை தடைப்பட்டது, மேடைகளிலே புல் முளைத்தது. 2002ஆம் ஆண்டுப் போர் நிறுத்தத்தின் பின்னர் பாதை செப்பனிடப்பட்டு, 2003ஆம் ஆண்டில் வண்டி மீண்டும் மட்டக்களப்பை வந்தடைந்தது.

இக்காலத்தின் மாற்றங்களை வந்தாறுமூலையில் தெளிவாகக் காணலாம். 1928ஆம் ஆண்டில் பாதை இட்டோர் கண்ணுக்கு அது வயல் சூழ்ந்த ஒரு கிராமம் மாத்திரமே. 1981ஆம் ஆண்டில் அவ்வூர் மத்திய மகா வித்தியாலய வளவிலே மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி ஆரம்பமாயிற்று. 1986ஆம் ஆண்டில் அது கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. 1990ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், அவ்வளாகத்தில் அகதிகளாகத் தஞ்சம் புகுந்திருந்தோரில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் பிடித்துச் செல்லப்பட்டுத் திரும்பாமற் போயினர். அக்குடும்பங்களின் துயரை எழுத்தில் அடக்க முடியாது. பின்னர் வளாகம் மீண்டெழுந்தது. நாட்டின் பல பாகங்களிலிருந்தும், வேறு மொழி பேசும் பிள்ளைகளும் அங்கே கற்க வந்தனர்.

ஒரு தரிப்பிடத்தின் பெறுமதியை அன்றைய சீட்டு விற்பனையைக் கொண்டு மாத்திரம் அளக்கலாகாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? ஐம்பது ஆண்டுகள் கழித்து அங்கே ஒரு பல்கலைக்கழகம் தோன்றும் என எந்தக் கணக்கர் கண்டார்?

உன்னிச்சையும் பாதையும்

தண்டவாளம் படுவான்கரைக்கு வரவில்லை. மட்டக்களப்போடு பாதை முடிகின்றது. தெற்கே கல்முனைக்கும் பொத்துவிலுக்கும் நீட்டவேண்டும் என்னும் பேச்சுப் பல காலமாக இருந்துவந்தது, பேச்சாகவே இருந்தது. ஆகவே உன்னிச்சையார் ஆயித்தியமலை, வவுணதீவு வழியாக வலையிறவுப் பாலத்தைக் கடந்து மட்டக்களப்புக்குச் சென்றனர். அல்லது கரடியனாறு சென்று செங்கலடி வழியாக ஏறாவூரை அடைந்தனர். போர்க்காலத்தில் இத்தெருக்களும் அடைபட்டன. 2007ஆம் ஆண்டில் படுவான்கரை மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்து, பின் மீண்டு வந்து வீடும் வயலும் திருத்தினர்.

இன்னொரு செய்தியும் சிந்திக்கத்தக்கது. உன்னிச்சைக் குளத்து நீர் வவுணதீவிலே சுத்திகரிக்கப்பட்டு மட்டக்களப்பு நகர்ப்புறத்தின் தாகம் தீர்க்கின்றது. குளத்தருகே வாழ்வோர் தமக்கும் அந்நீர் வேண்டுமெனக் கோரியதையும் நாம் அறிவோம். நீர் தம் வாசலைக் கடந்து செல்வதைப் பார்த்திருப்பதும், வண்டி தம் ஊரில் நில்லாமற் போவதைப் பார்த்திருப்பதும் ஒரே வகையான ஏக்கம். பெரிய இடங்களை இணைக்கும் எந்தத் திட்டமும் இடையிலுள்ள சிற்றூர்களை மறக்கலாகாது. இதனைக் கேட்பது பேராசையன்று; நியாயம்.

இளைஞர் கடமை

உரிமை கேட்போர் கடமையும் உணரவேண்டும். அதிபர் இல்லாத தரிப்பிடத்தில் ஒவ்வொரு பிரயாணியும் தானே அதிபர். சீட்டின்றி ஏறலாம் என்று மகிழ்பவன் தன் ஊர்த் தரிப்பிடத்தின் கணக்கிலே பூச்சியத்தை எழுதுகின்றான். ஒரு நாள் அப்பூச்சியத்தைக் காட்டியே தரிப்பிடத்தை எடுத்துவிடுவர்.

அடைப்பில்லாக் கடவைகளில் எச்சரிக்கை வேண்டும். காதிலே இசைக்கருவியை மாட்டிக்கொண்டு தண்டவாளத்தில் நடப்பது யமனை வலிந்து அழைப்பதாகும். வேகமாக வரும் வண்டி பிரேக் பிடித்தவுடன் நிற்காது; நூற்றுக்கணக்கான மீற்றர் ஓடியே நிற்கும். 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆந் தேதி அதிகாலையில், மட்டக்களப்பிலிருந்து கொழும்பு நோக்கிச் சென்ற மீனகயா வண்டி கல்லோயாப் பகுதியில் யானைக் கூட்டத்தில் மோதி ஆறு யானைகள் மாண்டன; வண்டியும் தடம் புரண்டது. யானையால் பயிரும் உயிரும் இழந்த உன்னிச்சையார்க்கும் அச்செய்தி மகிழ்ச்சி தந்திராது. விநாயகனை வணங்கும் நாம், காட்டினூடே இட்ட பாதைக்குக் காட்டின் உயிர்களும் உரிமையாளர் என்பதை மறுக்க இயலாது. இரவிலே அப்பகுதியில் வண்டியின் வேகம் குறையவேண்டும் என்பது நமது கோரிக்கையாகவும் இருத்தல் வேண்டும்.

வாலிப அன்பர்களுக்கு ஈற்றில் ஒரு விண்ணப்பம். நம்மிடையே உதயதேவியின் தொடக்க நாட்களை நேரிற் கண்ட முதியோர் இன்னும் இருக்கின்றனர். எந்தத் தெருவால் நிலையம் சென்றார்கள், சீட்டின் விலை என்ன, எவர் வழியனுப்ப வந்தார், நெல் மூடைகள் எங்கே ஏற்றப்பட்டன என்பவற்றைக் கேட்டு எழுதி வையுங்கள். பழைய அட்டைச் சீட்டு, நேர அட்டவணை, நிழற்படம் எவையேனும் வீட்டுப் பெட்டிகளில் கிடப்பின் சங்கத்திற் சேர்த்துக் காப்பாற்றுங்கள். விழாக் காலங்களில் சிறு தரிப்பிடங்களைத் துப்புரவாக்கி, வெயிலில் நிற்கும் முதியோர்க்கும் பிள்ளைத்தாய்மார்க்கும் தண்ணீர் வார்த்து, வண்டியேறக் கை கொடுங்கள். இது பெரிய செலவில்லாத சிவத்தொண்டு.

பெருநிலையங்களின் சரித்திரத்தை அரசாங்கம் தன் ஏடுகளில் எழுதிக்கொள்ளும். சிறு தரிப்பிடத்தின் சரித்திரத்தை ஊரார் எழுதினாலன்றி வேறெவரும் எழுதார். அப்பணியை நமது சங்கத்து இளைஞர் மேற்கொள்வாராக.